பாசிச் சுவர் காற்றின் மாசைக் காட்டுமா?

கேள்வி (வாசகர் ஒருவர்) – பிப்ரவரி 2

எங்கள் குடியிருப்பின் முன்மதில் நேராகப் பெரிய சாலையைப் பார்த்து நிற்கிறது. அதில் உயிருள்ள பாசியால் ஒரு சுவர் அமைக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. அமைத்துத் தர வந்தவர்கள் சொல்வது: பாசி காற்றைச் சுத்தமாக்கும், மாசு எவ்வளவு என்றும் காட்டிக்கொடுக்கும், பச்சை மங்கினால் காற்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம், தனியாகக் கருவி எதுவும் வேண்டாம். இதில் எவ்வளவு நிஜம்?

பிப்ரவரி 3

ஒரே மூச்சில் மூன்று சரக்கை விற்றிருக்கிறார்கள். பாசி மாசைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மை, அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சான்று இருக்கிறது. பாசி சாலைக் காற்றைச் சுத்தமாக்கும் என்பது பெரும்பாலும் ஆசை. நிறத்தைப் பார்த்து மாசைச் சொல்லலாம் என்பது இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பாசி ஏன். இங்கே பாசி என்பது வழுக்கும் பச்சைப் படலம் அல்ல, குட்டி இலைகள் கொண்ட மாஸ் (moss) என்ற தாவரம். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும் உண்டு, மண்ணிலிருந்து உறிஞ்சி மேலே அனுப்பும் குழாய் அமைப்பு பெரும்பாலான வகைகளில் கிடையாது, இருந்தாலும் எளிமையானதுதான். தண்ணீரும் உப்பும் மழையிலும் பனியிலும் தூசியிலும் வருவதைத்தான் நம்பி இருக்கிறது. மரத்தின் இலைமேல் இருக்கும் மெழுகுப் பூச்சு பாசியிலையில் இல்லை, இருந்தாலும் மிக மெல்லியது. இலையின் தடிமனே பெரும்பாலும் ஒற்றைச் செல்தான். செல்சுவரில் எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள் நிறைய இருப்பதால் ஈயம், காட்மியம், செம்பு போன்ற உலோக அயனிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அதற்குப் பாசி எதையும் 'செய்ய' வேண்டியதில்லை. வெறும் வேதியியல்.

அதாவது பாசி ஓர் உண்டியல். உடைத்து எண்ணினால் மொத்தம் தெரியும், எந்த நாளில் எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அமைக்க வருகிறவர்களிடம் பாதிக் கேள்வியை நீங்களே கேட்டுவிடலாம்.

பிப்ரவரி 3, இரவு

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் இன்றே பார்க்கலாம். சாலையோர மரத்தின் அடிப்பக்கத்தில் காய்ந்துபோன பாசி இருக்கும். ஒரு நுனி கிள்ளிக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் இலைகள் தண்டோடு முறுக்கிக்கொண்டு கயிறாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கண்முன்னே இலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விரியும். பல வகைகளில் ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்போது இலை தண்டில் சேரும் கக்கத்தில் பாருங்கள், கரும்புள்ளிகளும் மின்னும் மணல் துணுக்குகளும் அடைந்து கிடக்கும். அந்தச் சொட்டு வழிந்து போனாலும் பெரும்பகுதி அங்கேயே நிற்கும். ஆய்வகத்தில் அளப்பது இந்தத் துணுக்குகளையும் செல்சுவரில் ஒட்டிய அயனிகளையும் சேர்த்துத்தான். இரண்டையும் பிரிப்பது தனி வேலை.

பிப்ரவரி 5

"இதெல்லாம் புதுசா வந்த பசுமை வியாபாரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சுவர் வியாபாரம் புதிது, அளப்பது பழசு. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஓகே ரூலிங், கெர்முண்ட் டைலர் இருவரும் 1960களின் இறுதியிலேயே காட்டுப்பாசியில் ஈயத்தை அளந்து, சாலைக்கு அருகில் ஏறுவதையும் விலக விலக இறங்குவதையும் காட்டினார்கள். 1971இல் குட்மன், ராபர்ட்ஸ் என்ற இருவர் வேல்ஸின் ஸ்வான்ஸி பகுதியில் உலோக ஆலைகளைச் சுற்றிப் பாசியை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டார்கள். பாசியே வளராத நகரத்துக்கும் பாசியைக் கொண்டுபோய் அளக்கலாம் என்ற வழி அதோடு திறந்தது.

1990லிருந்து ஐரோப்பாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாடுகள் ஒரே முறையில் பாசி எடுத்து அளந்துவருகின்றன. எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் நடக்கும் வேலை அது. அதில் எனக்குப் பிடித்த விஷயம்: 1990க்கும் 2010க்கும் இடையில் பாசியில் ஈயம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்தியது அப்படியே பாசியில் பதிவாகியிருக்கிறது. பிரேக் தேயும் தூசியில் வரும் செம்போ பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இறங்கியது. பெட்ரோலை மாற்றிவிட்டார்கள், பிரேக்கை மாற்றவில்லை.

அந்த ஆய்வில் அதிகம் எடுக்கும் வகைகளில் ஒன்று ஹைலோகோமியம் ஸ்ப்ளென்டென்ஸ். ஒவ்வோர் ஆண்டும் போன ஆண்டின் தண்டு நடுவிலிருந்து புதுக்கிளை எழும்பி அடுக்கடுக்காக ஏறும். எண்ணினால் வயது தெரிந்துவிடும், கடைசி மூன்று ஆண்டு அடுக்கை மட்டும் வெட்டி அளக்கலாம். நம் உண்டியலில் அறை பிரித்த ரகம். நகரத்துச் சுவருக்கு இந்த வகை சரிப்படாது, அதற்குக் குளிர்ந்த காட்டுத்தரை வேண்டும்.

பிப்ரவரி 6

"மழைக்காலத்தில் எங்கள் சுவரில் தானாகவே வருகிறதே, அதைச் சுரண்டி அனுப்பினால் போதாதா?"

வழுக்கும் பச்சைப் படலம் என்றால் அது இந்த வகைத் தாவரமே அல்ல, விட்டுவிடுங்கள். வெல்வெட் மாதிரி மெத்தென்று, உற்றுப் பார்த்தால் குட்டி இலைகள் தெரிகிற ரகம் என்றால் அதுதான். ஆனாலும் சிமென்ட் சுவரில் முளைத்ததை அனுப்பாதீர்கள். சுவரின் சுண்ணாம்பும் உலோகமும் அதில் ஏறியிருக்கும், பெயின்ட் பழசாக இருந்தால் ஈயமே வரலாம். அப்புறம் சக்கரம் தெளித்த சேறு. மரத்தண்டில், இடுப்புக்கு மேல் உயரத்தில் இருப்பது பரவாயில்லை.

பிப்ரவரி 9

பாசி உண்மையிலேயே ஒரு நகரத்தை உலுக்கிய கதை அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்தது. இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

அந்த நகரக் காற்றில் காட்மியம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருப்பது முன்பே தெரியும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. காற்று நச்சுகளை அளக்கும் கருவி விலை உயர்ந்தது, நகரமெங்கும் நட்டுவைக்க முடியாது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் சாரா ஜோவன், ஜெஃப்ரி டோனோவன் குழுவினர் 2013இல் நகரம் முழுக்க 346 இடங்களில் மரத்தண்டுகளிலிருந்து ஆர்த்தோட்ரைக்கம் லயெல்லி என்ற பாசியைச் சேகரித்தார்கள். காட்மியம் அளவை வரைபடத்தில் இட்டபோது இரண்டு இடங்கள் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றன. இரண்டும் வண்ணக் கண்ணாடி தயாரிக்கும் பட்டறைகளை ஒட்டி. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களுக்குக் காட்மியம் சேர்ப்பார்கள்.

அதற்குப் பிறகு செய்ததைக் கவனியுங்கள். பாசியை மட்டும் நம்பி யாரையும் மூடச் சொல்லவில்லை. 2015 அக்டோபரில் மாநில அரசு அந்த இடத்தருகே முறையான காற்றுக் கருவியை வைத்தது. காட்மியம் மாநிலம் வைத்திருந்த வரையளவைப்போல் 49 மடங்கு. 2016 தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்ததும் கொந்தளிப்பு. தொழிற்சாலைப் புகைக்கான விதிகளே அந்த மாநிலத்தில் மாறின.

பாசி கைகாட்டியது, கருவி சாட்சி சொன்னது. இந்த வரிசைதான் முக்கியம்.

பிப்ரவரி 10

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது தோன்றியது. போர்ட்லாண்டில் வேலை செய்தது எது? 346 என்ற எண். ஒரு மரத்துப் பாசியைத் தனியாக எடுத்து அளந்திருந்தால் ஒரு எண் கிடைத்திருக்கும், அதை வைத்து எதுவும் சொல்லியிருக்க முடியாது. பாசியின் பலம் ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. இங்கே கூடுதல், அங்கே குறைவு. நகரத்துக்கு நடுவில் ஒரு சுவர் எவ்வளவு பெரிதாக நின்றாலும் வரைபடத்தில் அது ஒரு புள்ளிதான்.

அதைவிடப் பெரிய சிக்கல், உயிருள்ள சுவர் என்றால் தண்ணீர் விட வேண்டும். பின்பக்கம் குழாய் ஓடும், அதில் வால்வு இருக்கும், மேலிருந்து சொட்டும். தண்ணீரில் வரும் செம்பும் துத்தநாகமும் கால்சியமும் பாசியில் ஏறும். ஏற்கெனவே ஒட்டியிருந்த உலோகத்தை வேறு அயனிகள் தள்ளிவிட்டு உட்காரும். தூசியில் ஒரு பகுதி கழுவிக்கொண்டு போகும். பாசி பிடித்து வளர அடியில் வைக்கும் பஞ்சுத் தட்டு, கம்பிச் சட்டம், கொஞ்சம் உரம் எல்லாமும் தத்தம் பங்கைப் போடும். உண்டியலில் நீங்களே கை விட்டு எடுப்பதும் போடுவதுமாக இருந்துவிட்டு, கடைசியில் எண்ணி என்ன பயன்?

எனவே என் கருத்து, அளப்பதுதான் நோக்கம் என்றால் சுவர் வேண்டாம். பைகள் போதும்.

பிப்ரவரி 14

பை பற்றிக் கேட்டவர்களுக்கு. ஒரு குழுவோடு சேர்ந்து சாலைச் சந்திப்புகளில் கட்டியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பெரும்பாலும் ஸ்பேக்னம் என்ற சதுப்புநிலப் பாசி. சுத்தமான இடத்திலிருந்து எடுத்து, வடிகட்டிய நீரில் பலமுறை அலசி, குப்பை பொறுக்கி, உலர்த்தி, நைலான் வலையில் தளர்வாகக் கட்ட வேண்டும். தளர்வாக என்பதை அடிக்கோடிடுங்கள். அழுத்தித் திணித்தால் நடுவில் இருக்கும் பாசிக்குக் காற்றே போகாது, வெளித்தோல் மட்டும் கறுக்கும். எட்டாத உயரத்தில், எல்லாப் பையும் ஒரே உயரத்தில். சில வாரங்கள் தொங்கவிட்டு இறக்க வேண்டும்.

பொறுக்கும் வேலைதான் உயிரை வாங்கும். பிளாஸ்டிக் இடுக்கி, பவுடர் இல்லாத கையுறை, வெள்ளைத்தாள். பாசிக்குள் புல்விதை, எறும்புக்கால், மரப்பட்டைத் துகள் என்று வந்துகொண்டே இருக்கும். முதுகு நிமிர முடியாது.

ஒரு முறை முடிவு வந்தபோது ஒரே ஒரு பையில் மட்டும் துத்தநாகம் எகிறி நின்றது. சாலைக்குச் சற்றுத் தள்ளி, நிழலான இடத்தில் இருந்த பை. டயர்த் தேய்மானமா, பக்கத்தில் ஏதாவது பட்டறையா என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினோம். கடைசியில் அந்தக் கம்பத்துக்குப் போய்ப் பார்த்தால், நைலான் கயிறு தீர்ந்துபோய் யாரோ துத்தநாகம் பூசிய கம்பியால் கட்டியிருக்கிறார்கள். மழை கம்பியில் இறங்கிப் பையில் வடிந்திருக்கிறது.

இன்னொரு பையைக் குருவி பிரித்துக்கொண்டு போய்விட்டது. வலைக்கண் வழியாக ஒவ்வோர் இழையாக உருவி எடுத்திருந்தது. எங்கோ ஒரு கூட்டில் எங்கள் மாதிரி எண் ஏழு இருக்கிறது.

பிப்ரவரி 15

"பாசி உலர்ந்து செத்துவிட்டால் எப்படி அளக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி, இதன் பதில்தான் பலருக்கு அதிர்ச்சி. பையில் இருக்கும் பாசி உயிரோடு இருக்க வேண்டியதே இல்லை. பல ஆய்வுகளில் வேண்டுமென்றே அடுப்பில் சூடாக்கிச் சாகடித்துத்தான் தொங்கவிடுகிறார்கள். உயிரோடு இருந்தால் வளரும், வளர்ந்தால் எடை கூடும், எடை கூடினால் கிராமுக்கு இத்தனை என்ற கணக்கு நீர்த்துப்போகும். ஒரே பாசி வெயிலில் சுருங்கி, நிழலில் தழைத்து, இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடந்துகொண்டால் ஒப்பிட முடியாது.

ஸ்பேக்னத்தின் இலையே பாதிச் செத்ததுதான் என்பது இன்னும் சுவாரஸ்யம். மெல்லிய பச்சைச் செல்கள் வலைபோலப் பின்னியிருக்கும், இடையில் பெரிய வெற்றுச் செல்கள், உள்ளே ஒன்றுமில்லாமல், சுவரில் துளைகளோடு. தன் உலர் எடையைப்போல் இருபது மடங்கு வரை தண்ணீர் பிடிப்பது அந்த வெற்று அறைகளால்தான். முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டும் பஞ்சாக இதைப் பயன்படுத்தினார்கள்.

காட்டிலிருந்து அள்ளிக்கொண்டே இருந்தால் சதுப்பு நிலம் என்னாவது என்ற கவலையும் நியாயம். மோஸ்க்ளோன் என்ற ஐரோப்பியத் திட்டம் 2012லிருந்து 2015 வரை ஸ்பேக்னம் பலுஸ்ட்ரே என்ற வகையை ஆய்வகத்தில் கிருமி நீக்கிய கலனில் வளர்த்துப் பார்த்தது. எல்லாம் ஒரே மரபணு, தொடக்க உலோக அளவு மிகக் குறைவு. தொடக்கம் குறைவாக இருந்தால் சிறு ஏற்றமும் தெரியும். அளவுகோலாகப் பார்த்தால் இது சரியான திசை.

பிப்ரவரி 15, பிற்பகல்

மேலே சொன்னதற்கு ஒரு ஒட்டு. செத்த பாசி போதும் என்பது உலோகத்துக்கும் தூசிக்கும். அயனி ஒட்டுவதற்கு ஈரம் வேண்டும். எலும்பாகக் காய்ந்து தொங்கும் பையில் தூசி மட்டுமே சேரும், கரைந்து வருவது குறைவாகப் பிடிபடும். ஆகவே மழைக்காலப் பையையும் கோடைப் பையையும் நேருக்கு நேர் வைத்துப் பேசக் கூடாது.

பிப்ரவரி 20

சரி, நிறம். பச்சை மங்கினால் மாசு என்பது.

பாசி மங்க ஆயிரம் காரணம். முதல் காரணம் தாகம். பாசிக்குத் தன் ஈரத்தைப் பிடித்து வைக்கத் தெரியாது, காற்று காய்ந்தால் அதுவும் காய்ந்து தூங்கிவிடும், ஈரம் வந்தால் எழும். நண்பகலில் சாலையில் வண்டிப்புகை மண்டும்போது பாசி தூங்கிக்கொண்டிருந்தால் என்ன காட்டும்? பச்சையத்தின் ஒளிர்வை அளக்கும் கருவிகள் இருக்கின்றன, ஒளிச்சேர்க்கை எவ்வளவு நலமாக நடக்கிறது என்று எண்ணாகச் சொல்லும். அந்த எண் வறட்சியிலும் விழும், கடும் வெயிலிலும் விழும், கந்தக டை ஆக்சைடிலும் விழும். எது என்று சொல்லாது. காரணத்தைப் பிரிக்க ஈரப்பதம், வெப்பம், ஒளி எல்லாம் பக்கத்திலேயே அளக்க வேண்டும். அதாவது "தனியாகக் கருவி வேண்டாம்" என்று தொடங்கி நாலு கருவியில் வந்து நிற்போம்.

நிறத்தை முழுக்கத் தள்ளியும் விடவில்லை நான். தாவரம் படும் பாட்டைப் பார்த்து மாசை மதிப்பிடுவது பழைய, மரியாதையான வழி. 1866லேயே நைலண்டர் என்ற தாவரவியலாளர் பாரிஸின் லுக்ஸம்பர்க் தோட்டத்தில் லைக்கன்களை (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர்) பார்த்துக் காற்றைப் பற்றி எழுதிவிட்டார். 1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் இருவரும் எந்த லைக்கன் இருக்கிறது, எது காணாமல் போனது என்பதை வைத்தே கந்தக டை ஆக்சைடுக்கு ஓர் அளவுகோல் போட்டார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது எந்தெந்த வகைகள் தாமாக வாழ்கின்றன என்பதை, பல ஆண்டுகள் நிலைத்த சமூகத்தை. நட்டு, தண்ணீர் விட்டு, வாடினால் மாற்றி வைக்கும் சுவரில் அந்தத் தகவலே இருக்காது. பராமரிப்பாளர் மாதம் ஒருமுறை வந்து வாடிய தட்டை எடுத்துப் புதியதை மாட்டிவிட்டுப் போவார். காற்று எப்போதும் 'நன்றாக' இருக்கும்.

பிப்ரவரி 21

அலுவலக வரவேற்பறைகளில் அழகாக ஒரு பச்சைச் சுவர் இருக்குமே, "எங்களிடம் ஏற்கெனவே பாசிச் சுவர் இருக்கிறது, அளக்கலாமா" என்று ஒருவர் படம் அனுப்பியிருந்தார். அதில் பெரும்பாலானவை கிளிசரின் ஏற்றிப் பதப்படுத்திச் சாயம் போட்ட சரக்கு. பஞ்சுபோல உருண்டையாக இருப்பது பாசியே அல்ல, கலைமான் தின்னும் லைக்கன். தண்ணீர் விட்டால் சாயம் போகும். அதை வைத்து அளக்கக்கூடிய ஒரே விஷயம் ஒட்டடை.

மார்ச் 1

சுத்தமாக்கும் கதையை இப்போது முடிக்கிறேன், ஏனென்றால் இதுதான் விற்கும் வாக்கியம்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நெக்கார்டோர் பகுதியில் தூசிக்குப் பேர்போன சாலை ஒன்றை ஒட்டி 2017இல் பாசிச் சுவர் ஒன்று எழுப்பிப் பார்த்தார்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். முயற்சி நேர்மையானது, ஆய்வாளர்கள் கூடவே நின்று அளந்தார்கள். கோடையில் பாசி பெருமளவு காய்ந்து பழுப்பானது. சாலைக் காற்றில் நுண்துகள் குறைந்ததாகக் காட்டும்படியான விளைவு அளவீட்டில் வரவில்லை. இன்னொரு பக்கம், பாசி வைத்த பெஞ்சுக் கோபுரம் ஒன்று 275 மரங்களுக்குச் சமம் என்ற விளம்பரம் உலகம் முழுக்கச் சுற்றியது. எந்த மரம், எந்த வயது, எதில் சமம் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

பாசியிலை நுண்துகளைப் பிடிக்கும், ஆய்வகத்தில் அது தெளிவாகவே தெரிகிறது. ஆனால் பிடிக்க வேண்டுமானால் துகள் முதலில் இலையைத் தொட வேண்டும். சாலைக்குமேல் இருக்கும் காற்றோ அகலமாகவும் உயரமாகவும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதில் எத்தனை பங்கு சுவரின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும்? விசிறி வைத்து இழுத்தால் கொஞ்சம் கூடும், அப்போது அது மின்சாரம் தின்னும் வடிகட்டி, பாசி வைத்த வடிகட்டி.

மார்ச் 2

"அப்படியானால் சுவரே வீண் என்கிறீர்களா?"

இல்லை. பக்கத்தில் நின்றால் குளிர்ச்சி, பார்க்க நன்றாக இருக்கும், பூச்சிக்கு இடம். இவற்றுக்காக வையுங்கள், இவற்றின் பெயரைச் சொல்லியே வையுங்கள்.

மார்ச் 8

முடிவுத்தாள் கையில் வந்தால் எப்படிப் படிப்பது என்று கேட்டவருக்கு, கொஞ்சம் நீளமாக.

எண்கள் ஒரு கிலோ உலர்ந்த பாசிக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். காற்றுத் தரத்தின் எண்களோ ஒரு கனமீட்டர் காற்றுக்கு இத்தனை மைக்ரோகிராம். பிஎம் 2.5 என்ற நுண்துகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டு வரையளவு 5 என்பது இந்த இரண்டாம் ரகம். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நம்பத்தகுந்த சூத்திரம் கிடையாது. "எங்கள் பாசியில் இவ்வளவு ஈயம், எனவே காற்று ஆபத்து" என்று நேராகத் தாவக் கூடாது.

படிக்க வேண்டியது சேர்க்கையை. செம்பும் ஆன்டிமனியும் சேர்ந்து ஏறினால் பிரேக் தூசி, குறிப்பாக ஆன்டிமனி அதற்கு நல்ல அடையாளம். துத்தநாகம் என்றால் டயரும் வரும், கூரைத்தகடும் வரும், மேலே சொன்ன கம்பியும் வரும். வனேடியமும் நிக்கலும் ஜோடியாக வந்தால் கனரக எண்ணெய் எரிப்பு, துறைமுகமோ பழைய கொதிகலனோ இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியமும் டைட்டானியமும் ஏறினால் அது பெரும்பாலும் மண். எந்த உலோகத்தையும் அலுமினியத்தோடு வகுத்துப் பார்த்தால் மண்புழுதியால் வந்த ஏற்றம் எது, மனிதன் போட்டது எது என்று ஓரளவு பிரியும். புழுதி பறக்கும் சாலையில் இந்தக் கணக்கைப் போடாமல் எதையும் சொல்லாதீர்கள்.

எல்லா உலோகமும் ஒரே விசுவாசத்தோடு பாசியில் தங்காது என்பதும் உண்டு. ஈயமும் செம்பும் இறுகப் பிடித்துக்கொள்ளும், துத்தநாகமும் மாங்கனீசும் எளிதில் இடம்விட்டுப் போகும். ஈயம், காட்மியம் இரண்டுக்கும்தான் பாசியில் சேர்வதற்கும் காற்றிலிருந்து விழும் படிவுக்கும் உள்ள உறவு ஐரோப்பியத் தரவில் நன்றாக நிற்கிறது. நைட்ரஜனும் சேரும், ஆனால் விழுவது ஓர் அளவைத் தாண்டினால் பாசிக்கு வயிறு நிறைந்துவிடும், மேலே எவ்வளவு கொட்டினாலும் எண் ஏறாது. ஓசோனை இந்த வழியில் தேடவே வேண்டாம், அது சேர்ந்து தங்கும் பொருளே அல்ல.

மார்ச் 9

மலிவான லேசர் சென்சாரோடு ஒப்பிட்டு ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். சண்டையே இல்லை. சென்சார் நொடிக்கு நொடி எண் தரும், காலை நெரிசலையும் நள்ளிரவையும் பிரிக்கும். அது பார்ப்பது துகள் சிதறடிக்கும் ஒளியை மட்டும், துகள் என்னவென்று தெரியாது. ஈரப்பதம் ஏறினால் நீர் ஏறிப் பருத்த துகளைப் பார்த்து எண்ணைக் கூட்டியும் சொல்லும். பாசிக்கு நேரம் தெரியாது, பொருள் தெரியும். இரண்டையும் ஒரே கம்பத்தில் கட்டுங்கள். நாங்கள் கட்டிய சந்திப்பு ஒன்றில் சென்சார் சாதுவாக இருந்தது, பாசியில் ஆன்டிமனி மட்டும் உயர்ந்து நின்றது. சரிவான சாலை, சிக்னலுக்குச் சற்று முன்னால். எல்லா வண்டியும் பிரேக் மிதிக்கும் இடம்.

மார்ச் 17

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். சுவர் வைப்பது என்று முடிவாகிவிட்டதாம், அழகுக்காக என்று எழுதியே வைக்கிறார்களாம். நல்லது. அளப்பதற்குத் தனியாகப் பைகள் கட்டலாமா, எத்தனை, யார் செய்வது என்கிறார்.

பிள்ளைகள் செய்யலாம். சியாட்டிலின் டுவாமிஷ் பள்ளத்தாக்கில் 2019இல் அந்தப் பகுதி இளைஞர்களே பயிற்சி பெற்று மரத்துப் பாசி சேகரித்தார்கள். சேகரிப்பில் ஒழுங்கு வேண்டும், பட்டம் வேண்டாம். அமிலத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ் என்ற, உலோகம் அளக்கும் கருவியில் அளக்கும் பகுதிக்கு மட்டும் ஆய்வகம் வேண்டும்.

சாலை முகப்பில் சில, கட்டடத்தின் பின்பக்கம் சில, இடையில் சில. ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது மூன்று பை, ஒன்றைக் குருவி எடுத்தாலும் மிச்சம் இருக்கும். சுவரின் சொட்டுநீர் படாத தூரம். மரக்கிளைக்கு நேர் கீழே வேண்டாம், இலையிலிருந்து வடியும் நீர் கணக்கைக் கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் முன், கட்டாத பை சிலவற்றை மூடி எடுத்து வையுங்கள். தொங்கவிட்ட பையில் வந்த எண்ணிலிருந்து கட்டாத பையின் எண்ணைக் கழித்து, அதாலேயே வகுக்க வேண்டும், அப்போதுதான் எத்தனை மடங்கு ஏறியது என்று தெரியும். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது முதலில் வெட்டப் பார்ப்பது இந்தப் பைகளைத்தான். விடாதீர்கள்.

மார்ச் 18

உறைவிப்பானில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். உலர்ந்த பாசி என்றால் வேண்டாம், காகித உறையில் போட்டு மூடிய டப்பாவில் அலமாரியில் வைத்தால் போதும். உறைமேல் தேதியைப் பென்சிலால் எழுதுங்கள், மை கசியும்.